முள் கிடந்த தடம்

"இந்த முள்ளை எப்பத்தானுங்க எடுக்கறது?"

சுகவனம் இதைக் கேட்பது முதல் முறையல்ல.

செவ்வந்தி தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தினாள். முன்சக்கரத்தைக் கழற்றினாள். அதைக் கொண்டுபோய்ப் பக்கத்திலிருந்த கொய்யா மரக் கிளையில் மாட்டினாள்.

பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தடத்தை மறித்துக் கிடந்த முள்ளுக்கு ஓரமாக ஆள் நுழையும் சந்தில் புகுந்து மேலே ஏறிப் போனாள்.

சுகவனம் கிளையில் தொங்கிய சக்கரத்தைப் பார்த்தார். அது இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் ஒரு பதிலா?" என்று அந்தச் சக்கரத்திடமே கேட்டார்.

*

சுகவனத்துக்குச் சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ். ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டைப் பையில் ஒரு போன், கையில் ஒரு போன். 'சரக்கு ஏறிடுச்சா?', 'இப்ப எங்க வந்துட்டிருக்கே?' இந்த இரண்டு கேள்விகளையும் தூக்கத்தில்கூடக் கேட்பதாக அவர் மனைவி சொல்வாள்.

ஒருநாள் நெஞ்சு அடைத்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்து பார்த்தார். போய்ச் சேர அத்தனை நேரமாகும் ஒரு காரியத்தை அவரால் செய்ய முடியவில்லை. கியர் சைக்கிள் வாங்கினார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுங்கரடு மலைக்கு வந்தார். அங்கே சைக்கிள் குழு ஒன்று இருந்தது. மலைத்தடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள். உச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

முதல்தடவை இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"எறங்கறப்ப மட்டும் மனசு வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருக்குதுங்க" என்றார்.

குழுவை நடத்தியவள் செவ்வந்தி. அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஒருகாலத்தில் தேசியப் போட்டிகளில் ஓட்டியவள். எல்லோருக்கும் அவள் 'கோச்'. சுகவனத்தைவிட இருபது வயது சின்னவள்.

"உங்களுக்கு எம் பொண்ணு வயசு. ஆனாலும் இனிமே நீங்கதான் எனக்குக் குரு" என்று அன்று அவர் கை கூப்பினார்.

"ஹெல்மெட் வார் தொங்குதுங்க அண்ணா. இழுத்துக் கட்டுங்க" என்றாள் அவள்.

*

தடம் குழுவுடையது அல்ல. மேலே கொட்டாய்க்காடு என்று ஒரு சின்ன ஊர். வண்டி போகும் ரோடு கிடையாது. ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணச் சீர் எல்லாம் ஏறுவதும் இறங்குவதும் இந்த ஒற்றையடித் தடத்தில்தான். பஞ்சாயத்துக் கணக்கில் அது பொதுப் பாதை.

ஞாயிறு காலையில் மட்டும் குழு அதில் ஓட்டும். ஆள் எதிரே வந்தால் இறங்கி ஒதுங்கி நிற்கும். மழை அரித்த இடத்தை மண் போட்டு மேவும். தண்ணீர் தடத்தோடு ஓடாமல் சரிவுப் பக்கம் வழிந்துபோக வழி வெட்டும். ஊர்க்காரர்கள் யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஓட்டக் கூடாது என்றும் சொல்லவில்லை. அப்படியே பல வருஷம் ஓடியது.

சித்திரையில் வெளியூர்க்காரன் ஒருவன் வந்தான். காதில் பாட்டு. மணி அடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில், மிளகு மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த மாரப்பனை இடித்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

மாரப்பன் மரம் ஏறி மிளகு பறிக்கிறவர். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துபோனது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள்.

மறுவாரம் தடத்தின் வாசலில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், இலந்தை முள் கிடந்தது. ஆள் உயரத்துக்கு. ஓரமாக ஒரு ஆள் நுழைய மட்டும் சந்து.

வெட்டிப் போட்டவள் மாரப்பனின் மனைவி குப்பாயி.

*

அன்று கிளைச் சக்கரத்தை விட்டுவிட்டுச் சுகவனம் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். செவ்வந்தி ஒரு வளைவில் குந்தி உட்கார்ந்து கல்லை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோச், ஓட்ட முடியாத தடத்தை நாம எதுக்குச் சரி பண்றோம்?"

அவள் கல்லைப் புரட்டி வேறு பக்கமாக வைத்தாள்.

"நம்ம ஆளு யாரும் இடிக்கலை. எவனோ பண்ண தப்புக்கு நாம ஏன் மண்ணு சுமக்கணும்?"

செவ்வந்தி நிமிர்ந்தாள். தடத்தின் நடுவே மழை அறுத்துவிட்டுப் போன பள்ளத்தைக் காட்டினாள்.

"இது யாரு பண்ண தப்புங்க அண்ணா?"

"இதா? இது மழைங்க."

"ம்."

மறுபடி குனிந்துகொண்டாள். சுகவனம் கொஞ்ச நேரம் நின்றார். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, "சரக்கு ஏறிடுச்சா?" என்று கத்தினார்.

*

கோபத்தில் வேலை நன்றாக ஓடியது. சுகவனம் ஒரு காலைப் பொழுதில் வளைவிலிருந்து ஒரு பெரிய பாறை வரைக்கும் பள்ளங்களை மேவி முடித்தார். பக்கத்து மேட்டிலிருந்து மண்ணை வாரிக் கொட்டினார். காலால் இரண்டு மிதி. அடுத்த பள்ளம். பார்க்கத் தடம் புதுசு மாதிரி இருந்தது.

நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்த செவ்வந்தி அதே நேரத்தில் பத்தடி தாண்டவில்லை. பழைய மண்ணை எல்லாம் தோண்டி வெளியே எடுத்திருந்தாள். அடியில் கல் அடுக்கி, கொஞ்சம் மண் போட்டு இடித்து, மறுபடி கொஞ்சம் போட்டு இடித்து.

"இப்படிப் போனா தீபாவளி வந்துருமுங்க கோச்."

அவள் எழுந்து வந்து அவர் மேவிய இடத்தில் நின்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் சரிவுப் பக்கம் போகவில்லை. அப்படியே குளம் கட்டி நின்றது. பிறகு மண்ணுக்குள் இறங்கியது. மண் உப்பியது.

மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

"காஞ்சா சரியாப் போயிரும்!" என்று சுகவனம் அவள் முதுகுக்குச் சொன்னார்.

*

ஆடி வந்தது. குழுவில் பலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வேறு மலைக்குப் போனார்கள். செவ்வந்தியோடு மூன்று நான்கு பேர்தான் மிச்சம். சுகவனம் போகவில்லை. போயிருக்கலாம். ஆனால் விட்டுக்கொடுத்துப் போவது அவருக்குத் தெரியாத வித்தை.

இறங்குகிற அந்தச் சில நிமிஷம் இல்லாமல் வாரம் முழுவதும் தலைக்குள் லாரி ஓடியது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நின்றார். டிரைவர்களைத் திட்டினார். மனைவியைத் திட்டினார். திட்டிவிட்டு வருத்தப்பட்டார். வருத்தப்பட்டதற்காகவும் எரிச்சல்பட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தாலுகா ஆபீஸில் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டார். பொதுப் பாதையை மறித்து முள் போட்டிருக்கிறார்கள் என்றார். திங்கட்கிழமை ஆள் அனுப்பி எடுத்துவிடலாம் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள்.

ஞாயிறு காலை வந்ததும் செவ்வந்தியிடம் சொன்னார். முகத்தில் நெடுநாள் கழித்து ஒரு தெளிவு.

"சட்டப்படிதானுங்க கோச். நாம சண்டைக்குப் போகலை."

"சரிங்க அண்ணா."

"உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லியே?"

"இல்லீங்க. மேல போயி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. நாளைக்கு ஆபீஸரப் பாத்துப் பயந்துடப் போறாங்க."

சுகவனம் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மறுத்தால் தப்பாகிவிடும் போல இருந்தது. போனார்.

*

குப்பாயி வீட்டு வாசலில் மூங்கில் கழியைக் கயிறு கொண்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

"அம்மா, அது பொதுத்தடமுங்க. யாருக்கும் மறிக்க உரிமை கிடையாதுங்க."

"ஆமாங்க. பொதுதான்."

"அப்ப முள்ளு?"

"உங்களுக்கு அது வாரத்துல ஒரு நாளைக்குத் தடம்ங்க. எங்களுக்கு அதை விட்டா வேற தடமில்ல." கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். "எம் புள்ளைக அதுல எறங்கிப் பள்ளிக்கோடம் போவுதுங்க. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு, ஏதாச்சும் வருதான்னு காது குடுத்துக் கேட்டுட்டுப் போவுதுங்க. இத்தன வருசத்துல அப்படிப் போனதில்ல."

"நாங்க இடிக்கலீங்களே அம்மா. அவன் யாரோ."

"எனக்கு அவன் மூஞ்சி தெரியாதுங்க. சைக்கிளுதான் தெரியும்."

உள்ளே யாரோ இருமினார்கள்.

"அவரு ஒரே பக்கமாப் படுத்தே மாசக்கணக்காச்சுங்க" என்றாள் குப்பாயி. "நாளைக்குக் காத்தாலே பெரியாஸ்பத்திரியில வரச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கே கீழ எறக்கி எங்கண்ணன் ஊட்டுல வெச்சு, வெடிஞ்சதும் கூட்டிட்டுப் போவணும்."

அப்போதுதான் சுகவனம் அவள் கட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தார். ஒரு மரநாற்காலி. இரண்டு பக்கமும் நீளமாக மூங்கில்.

ஆபீஸர் வருவதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தார். சொல்லாமலே திரும்பி நடந்தார்.

*

நான்கு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாரப்பன் அதில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கழியைப் பிடித்திருந்தார். ஒடிசலான உடம்பு. கண்ணை இறுக்க மூடியிருந்தார். குப்பாயி பின்னால் பையோடு வந்தாள்.

செவ்வந்தியும் மற்றவர்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

வளைவுக்கு மேலேயே, முன்னால் தூக்கியவர்களில் ஒருவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுகவனம்தான் பக்கத்தில் இருந்தார். யோசிக்கவில்லை. கழிக்கு அடியில் தோளைக் கொடுத்துவிட்டார்.

"போலாம், போலாம்" என்றார்.

வழக்கம்போல வேகமாக எட்டு வைத்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. கை இரண்டும் கழியில் இருந்தன. அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் பள்ளம் வந்தது. மேவியது அவர்தான். மேலே பார்க்கத் தரை. கால் வைத்ததும் பொதுக்கென்று உள்ளே போனது. நாற்காலி குலுங்கியது.

"அம்மா..." என்றார் மாரப்பன். சத்தம் வெளியே வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

இரண்டாவது பள்ளம். அதுவும் அவருடையது. மண் ஊறிப்போய்க் கிடந்தது. குதிகால் வழுக்கியது.

"அம்மா..."

"மெதுவாப் போங்க சாமி" என்றாள் குப்பாயி பின்னாலிருந்து.

மெதுவாகப் போனார். மெதுவாகப் போனாலும் மூன்றாவது பள்ளம் அங்கேயே இருந்தது. நான்காவதும் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் தாண்டிப்போக வேறு இடமில்லை. ஒரு பக்கம் மேடு. மறுபக்கம் சரிவு. தோளில் ஒரு மனுஷன்.

ஒவ்வொரு இடத்திலும் மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. கடைசியில் சத்தம் வருவதற்கு முன்பே சுகவனமும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பிறகு திடீரென்று ஒன்றும் இல்லை.

கால் வைத்த இடத்தில் நின்றது. அடுத்த காலும் நின்றது. கழி தோளில் அசையவில்லை. சரளைக்கல் மேல் செருப்பு உரசும் ஒலி மட்டும் கேட்டது. சுகவனம் கீழே பார்த்தார். அழகாக ஒன்றும் இல்லை. கல்லும் மண்ணும் கலந்து, சரிவுப் பக்கம் லேசாகச் சாய்ந்த தரை.

செவ்வந்தி குந்தி உட்கார்ந்து கல் அடுக்கிய இடம்.

கொஞ்ச தூரம்தான். அது முடிந்ததும் மறுபடி அவருடையது.

போன் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

*

கீழே முள்ளுக்கு முன்னால் நின்றார்கள். சந்தில் நாற்காலி நுழையாது. குப்பாயி பையைக் கீழே வைத்தாள். தானே குனிந்து முள்கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரத்தில் போட்டாள். குழுவிலிருந்த ஒருவர் உதவிக்குப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

ஆட்டோ காத்திருந்தது. மாரப்பனைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவர் சுகவனத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத் தூக்கிட்டு வந்தீங்க சாமி. நடுவால ஒரு எடத்துல கண்ணசந்துட்டனுங்க."

சுகவனம் செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"அது நானில்லீங்க" என்றார்.

மாரப்பனுக்குப் புரியவில்லை. சிரித்தார்.

குப்பாயி ஆட்டோவில் ஏறப் போனவள் நின்றாள். செவ்வந்தியைப் பார்த்தாள். சுகவனத்தைப் பார்த்தாள். திறந்து கிடந்த தடத்தைப் பார்த்தாள்.

"எடுத்தது எடுத்ததாவே கெடக்கட்டுங்க. இனிமே போடல. நீங்க ஓட்டறதுன்னா ஓட்டிக்கங்க."

ஆட்டோ போய்விட்டது.

குழுவிலிருந்த ஒருவர் விசிலடித்தார். இன்னொருவர் கொய்யா மரத்தடிக்கு ஓடிச் சைக்கிளை எடுத்தார். "அண்ணா, வாங்க! முதல் எறக்கம் உங்களுக்குத்தான்!"

சுகவனம் போனை எடுத்தார். வரிசையாக விட்டுப்போன அழைப்புகள். அவற்றை விட்டுவிட்டு வேறொரு எண்ணை அழுத்தினார்.

"சார், நாளைக்கு ஆளு அனுப்ப வேண்டாங்க... இல்லீங்க, பிரச்சினை தீரலை... தீரலீங்க சார், அதனாலதான்."

போனை அணைத்தார். அணைத்துப் பழக்கமில்லாததால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கொஞ்சம் தடுமாறினார்.

பிறகு ஓரத்தில் கிடந்த முள்கட்டைகளில் பெரியதாக ஒன்றைப் பிடித்து இழுத்தார். முள் உள்ளங்கையில் ஏறியது. விடவில்லை. தரதரவென்று இழுத்துவந்து தடத்தின் குறுக்கே போட்டார். அடுத்ததற்குப் போனார்.

அது கனமாக இருந்தது. தனியாக அசைக்க முடியவில்லை. செவ்வந்தி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"அண்ணா!" சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தவர் கத்தினார். "அந்தம்மாவே எடுத்துட்டாங்க! நீங்க எதுக்குங்க போடறீங்க?"

சுகவனம் முள்ளை இறக்கி வைத்தார். மண்வெட்டி எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அவரு இன்னும் இதே தடத்துல மேல வரணுமுங்க" என்றார்.